நீல டேப்

செங்காங், பதினான்காம் மாடி.
சாவி வாங்கிப் பன்னிரண்டு நாள்.
வெறும் சிமெண்டுத் தரையில் முட்டி போட்டு
நீல டேப்பால் ஒரு சோபா ஒட்டினேன்,
இரண்டு மீட்டர் பத்து.
எதிரே டீவி. அதையொட்டிச் சாமி அலமாரி.
"டீவிக்குப் பக்கத்திலயா?" என்ற சேந்தன்
சோபாவைக் குறுக்கே மிதித்து
இன்னும் எழும்பாத சுவரின் வழியே
சமையலறைக்குள் போனான்.

பாம் ஷெல்டர் சுவரைத் தொடவே கூடாதாம்.
எதைக் கேட்டாலும் "கேன், கேன்" என்கிற
கான்ட்ராக்டர் கோ
அதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை.
மற்றதையெல்லாம் உடைக்கலாம், காசிருந்தால்.

கீழ்வீட்டு ரொஹாயா அக்காவுக்கு
பாண்டான் கேக் கொடுத்து
வரப்போகும் டிரில் சத்தத்துக்கு
மன்னிப்பை முன்பணமாகக் கட்டியாயிற்று.

கட்டிலுக்குத் தலைமாடு எந்தப் பக்கம் என்று தொடங்கிய பேச்சு
அவன் அம்மா வந்தால் எந்த அறை என்பதில் போய் நின்றது.
இரண்டாவது அறையை மூன்று முறை பிய்த்து ஒட்டினேன்.
பசை தரையோடு தங்கிவிட்டது.
நாங்கள் பேசவில்லை.

ஓடு பதிக்கும் ஜஹாங்கீர் வந்தார்,
தோளில் சிமெண்டு மூட்டை.
வாசலில் நின்று கோடுகளைப் பார்த்தார்.
பிறகு
சோபாவைச் சுற்றி,
சாப்பாட்டு மேசைக்கும் சுவருக்கும் நடுவே
ஒருக்களித்து,
இல்லாத கதவு வழியாக
உள்ளே போய் மூட்டையை இறக்கினார்.

"மேசை இடிக்குது," என்றான் சேந்தன்.
"ஒரு சாண் தள்ளலாம்."

டேப் சுருளை எடுக்க
சோபாவைச் சுற்றிப் போனான்.