பதினேழாம் கட்டை

கிள்ளானிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருக்கிறார்கள்,
மலை பார்க்க.
சனிக்கிழமைவரை லோரி ஓட்டிய கை
இன்று வாடகை வேனின் மெலிந்த ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு
என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறது.

புக்கிட் செராயில் எல்லோருக்கும் மலை தெரியும்.
மழை வருமா என்று கேட்க
அதன் பக்கம் திரும்புவோம், அவ்வளவுதான்.
முப்பத்தோரு வருஷம் அதன் காலைச் சுற்றிச் சுற்றிக்
குலை ஏற்றியிருக்கிறேன்.
டிக்கெட் வாங்கி மேலே போனதில்லை.

டவுனில் பசியாறினோம்.
மணிக்கூண்டின் முன்னால் ஒரு படம்.
நாலு இருபதில் நின்றுபோன கடிகாரம்,
அதுவும் பாரம்பரியம் என்கிறது பலகை.
துரை பங்களா இப்போது ஹோட்டல்.
ஒரு கோப்பைத் தேத்தண்ணி பதினெட்டு வெள்ளி.
சம்பந்தி சன்னாசி
விலைப்பட்டியலை இரண்டு முறை படித்துவிட்டுப்
பச்சைத்தண்ணி கேட்டார்.
அதற்கும் ஆறு வெள்ளி.

ஏற ஏற மூங்கில், பிறகு பெரணி,
பிறகு பனி.
என் மகள் யஸ்வினி ஜன்னலைத் திறந்து
கையை வெளியே நனைக்கிறாள்.
அவளைக் கட்டப்போகிற பையன்
இருவாச்சி பார்க்கவென்றே தொலைநோக்கி வாங்கியிருக்கிறான்.
விலைச்சீட்டின் நூல் இன்னும் தொங்குகிறது.
ஒன்றரை மணி நேரம் நின்றோம்.
பனிக்குள் சிறகுச் சத்தம் மட்டும் கடந்து போனது,
பழைய லோரி மேட்டில் மூச்சு வாங்குகிற மாதிரி.
அதுதான் என்றேன்.
யாரும் நம்பவில்லை.

இறங்கும்போது, பதினேழாம் கட்டையில்,
நிறுத்துங்க நிறுத்துங்க என்று ஒரே சத்தம்.
மஞ்சள் பலகை.
நீண்ட மூக்கோடு ஒரு கறுப்பு உருவம்,
நடுவில் மட்டும் வெள்ளை.
கவனம், தாப்பிர் கடக்குமிடம்.
எல்லோரும் இறங்கி அதன் கீழே வரிசை கட்டினார்கள்.
சின்னவன் ஷர்வேஷ் தன் மூக்கை இழுத்துக் காட்டுகிறான்.
கைப்பேசியை என்னிடம் தந்தார்கள்.

பலகை நட்டு ஏழு வருஷம்.
நடுவதற்கு முந்தின புதன்,
விடிகாலை மூணு மணி, மில்லுக்குப் பன்னிரண்டு டன்.
வெளிச்சத்தில் முதலில் வெள்ளைதான் தெரிந்தது,
யாரோ சாலையில் தவறவிட்ட போர்வை என்று.
போர்வைக்குக் கால் உண்டு என்பது
பிரேக்குக்குத் தெரிந்தபோது
நேரமாகிவிட்டிருந்தது.

வனவிலங்கு இலாகா அஸ்மான் வந்தார்.
டேப்பின் ஒரு முனையை
என்னைப் பிடிக்கச் சொல்லி அளந்தார்.
பெட்டை என்றார்.
வயிற்றில் கை வைத்துப் பார்த்து
இன்னொன்றும் சொன்னார்.
அதை நான் வீட்டில் சொல்லவில்லை.
அபராதம் எழுதவில்லை அவர்.
உன் தப்பில்லை, இருட்டு, என்றார் மலாயில்.
இரண்டு பேரும் சாலையோரம் உட்கார்ந்திருந்தோம்
விடியும்வரை.
குலையெல்லாம் ஏற்றியபடியே இருந்தது.

சிரிங்க, என்கிறேன்.
சிரிக்கிறார்கள்.
மாமா, நெசமாவே இங்க இருக்கா?
நீங்க பாத்திருக்கீங்களா?
ஒரு தடவ.
பெருசா?
கையை விரித்தேன்.
போதவில்லை.

வேனில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள்,
தொலைநோக்கி பையனின் மடியில்.
முப்பதில் இறங்குகிறேன்.
பின்னால் நாலு கார் ஹாரன் அடிக்கிறது.
காலையில் இதே மலையைப் பார்க்க
ஓடி வந்தவர்கள்தான்.