மெமோ எண் 41

குலசேகரத்தில் மழை பிடித்தால்
ரப்பர் வெட்டு கிடையாது.
கையுறைக் கம்பெனியில் மட்டும்
பீங்கான் கைகளுக்கு ஓய்வில்லை.
சங்கிலியில் தலைகீழாய்த் தொங்கி
பால் தொட்டிக்குள் முங்கி முங்கி எழும்,
யாரிடமோ எதையோ கேட்டுப் போய்
வெள்ளை பூசிக்கொண்டு திரும்புவதுபோல.

என் வேலை
இங்கே புதிதாய் எது நடந்தாலும் பிடிப்பது.
வாசலில் காப்புரிமைப் பிரிவு என்று பலகை.
பிரிவில் நான் ஒருத்தன், ஒரு மேசை,
நாலு பக்கப் படிவம், பூட்டு போட்ட பெட்டி.
"தாங்கள் கண்டுபிடித்தது என்ன?"
முதல் கேள்வியிலேயே
பேனாவை மூடிவிடுகிறார்கள்.

ஆறு மாதத்தில் விழுந்தவை மூன்று.
ஒன்று கேன்டீன் சாம்பார் பற்றிய புகார்.
ஒன்று மேனேஜரின் மருமகன் வரைந்த
எதிர்காலக் கையுறை, படம் மட்டும்.
மற்றது வெறும் படிவம், மடிப்பு கலையாமல்.

பெட்டியை ஓரங்கட்டிவிட்டு
ரிஜெக்ட் பேரேட்டைப் படிக்க உட்கார்ந்தேன்.
விரலிடுக்கில் ஊசித்துளை:
நூற்றுக்கு ஒன்பது, எட்டு, ஒன்பது, பத்து.
மூன்றாம் லைன், நைட் ஷிப்ட்: இரண்டு.
அதே ஆட்கள் பகலுக்கு மாறியதும் ஒன்பது.
திரும்ப ராத்திரி: இரண்டு.
பால் ஒன்று, தொட்டி ஒன்று, சூடும் ஒன்று.

ராத்திரி இரண்டு மணிக்குப் போய் நின்றேன்,
அமோனியா கண்ணைக் கரிக்க.
ஐடா பிளெசி என்னைக் கண்டதும்
தொட்டி விளிம்பிலிருந்து எதையோ உருவி
ஏப்ரனுக்குள் செருகினாள்.
"ஒண்ணும் இல்ல சாரே."
"அந்த ஒண்ணும் இல்லாததக் காட்டுங்க."

சைக்கிள் டியூப் ஒரு சாண்.
அதில் இறுக்கிக் கட்டிய ஈர்க்கில் கத்தை.
மேலே ஏறும் கையைத் தொடாது,
கை மாட்டிய தண்டை லேசாய்த் தட்டும்.
கை அரைவட்டம் திரும்பும்.
இடுக்கில் ஒளிந்த குமிழி
உடைந்துபோகும். அவ்வளவுதான்.

"பகல்ல ஏன் கட்டல்ல?"
"பகல்ல சூப்பர்வைசர் நிப்பாருல்லா.
போன வருசம் பாத்துட்டு மெமோ தந்தாரு.
இருநூறு ரூவாயும் பிடிச்சாரு."

பைலில் இருந்தது. எண் 41, பிப்ரவரி பதினேழு.
'அனுமதியின்றி மூன்றாம் லைன் தொட்டியில்
டியூப் துண்டும் ஈர்க்கிலும் கட்டி,
அச்சுகள் வெளிவரும்போது அரைவட்டம் திரும்பும்படி செய்து...'
கோபத்தில் எழுதிய மனிதர்
ஓரங்குலம் விடவில்லை.
எங்கள் பொறியாளர் எவரும்
இத்தனை தெளிவாய் எழுதித் தந்ததில்லை.
தேதி உண்டு, முத்திரை உண்டு,
'தவறை ஒப்புக்கொள்கிறேன்' என்பதன் கீழே
ஐடாவின் கையெழுத்தும் உண்டு.

முதல் சான்றாய் அதையே இணைத்தேன்.
கண்டுபிடித்தவர்: ஞா. ஐடா பிளெசி.
வில்பிரட் சார் எட்டிப் பார்த்து
"எழுதினது நானில்லா, என் பேரும் வைக்கலாமே" என்றார்.
அவர் சிரிக்கவில்லை.

சென்னை வக்கீல் போனில் கேட்டார்:
"வெளியே யாருக்காவது காட்டினாங்களா?
வீடியோ, வாட்ஸ்அப், ஏதாவது?"
"இத்தன நாளும் ஒளிச்சில்லா வச்சேன்" என்றாள் ஐடா.
அவளை அப்படிப் பயமுறுத்தி வைத்ததற்கு
கம்பெனிக்கு நான் நன்றி சொல்லவேண்டி வந்தது.
சொல்லவில்லை.

நாலு பக்கமும் எழுத்துக்கூட்டாமல் படித்தாள்.
பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே
"பின்ன அந்த இருநூறு ரூவா?" என்றாள்.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்.
பென்சில் வேண்டாம் என்றாள்.