வாளிக்குள் வேலிகாத்தான்

லாங்கு பஜாரில் சவுக்குக் கிளை
இந்த வருஷம் அறுநூறு ரூபாய்.
பேரம் பேசினால்
"ஸ்டார் ஒண்ணு சும்மா தரேன்க்கா" என்கிறான்,
கிளையில் பத்து ரூபாய் இறங்க மாட்டேன் என்கிறான்.

வாங்கவில்லை.
காசு மட்டும் காரணமில்லை.
போன வருஷத்துச் சவுக்கின் ஊசி
ஈஸ்டருக்குப் பாய் உதறியபோதும் விழுந்தது.
மூன்று வருஷம் வளர்ந்ததைப்
பதினைந்து நாள் பார்க்கவா வெட்டினோம் என்று
யாரும் கேட்கவில்லை.
பாயைச் சுருட்டிக்கொண்டே
நானே கேட்டுக்கொண்டேன்.

பிளாஸ்டிக் மரமும் இருக்கிறது,
ஓசூர் நாத்தனார் கொடுத்தது.
நாலாம் வருஷம் மொட்டையாகிப்
பரண்மேல் கிடக்கிறது.
மக்கவும் மக்காது,
துளிர்க்கவும் துளிர்க்காது.

பாலாற்றுப் பாலத்தில் நெரிசல்.
காட்பாடி பஸ் நின்றுவிட்டது.
ஜன்னல் வழியே கீழே பார்த்தேன்.
தண்ணீர் இருக்கவேண்டிய இடமெல்லாம்
வேலிகாத்தான்.
கேட்காமல் வந்த பச்சை.
வெட்டினால் ஒருவரும் அழாத பச்சை.

"அதையா?" என்றார் தேவசிகாமணி.
"அதைத்தான்."

விருதம்பட்டுப் பக்கம் இறங்கி
அரிவாளால் ஐந்து வெட்டு, ஒரு கிளை.
ஊன்றி வைக்க
வாளி நிறைய அங்கேயே மணல்.
ஆட்டோக்காரர் ஒருமுறை பார்த்தார்,
சீட்டு கிழியும் என்று போய்விட்டார்.
எக்ஸெல் வண்டியின் பின்னால்
கோணி சுற்றி நான் அதைப் பிடித்துக்கொள்ள
அது என்னைப் பிடித்துக்கொண்டது.

வாசலிலேயே நிறுத்திக்
காய்களை ஒன்று விடாமல் பறித்தோம்.
ஒன்று உதிர்ந்தாலும் வாசல் அதனுடையது.
மும்தாஜின் ஆடு சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தது.
அதற்குப் போட்டால்
தெருவெல்லாம் விதைத்துவிட்டு வரும்.
வெந்நீர் அடுப்பில் போட்டோம்.

கட்டைவிரல் வீங்கி
மறுநாள் ஊசி போடப் போனேன்.
"என்ன குத்துச்சு?"
சீட்டில் எழுதக் கேட்டாள் நர்ஸ்.
"கிறிஸ்துமஸ் மரம்."
நிமிர்ந்து பார்த்தாள்.
என்ன எழுதினாளோ.

ஜோடிப்பது சுலபம்.
நூல் வேண்டாம், கம்பி வேண்டாம்.
பஞ்சைத் தூக்கிப் போட்டால்
முள்ளே வாங்கிக்கொள்ளும்.
பலூன் மட்டும் கூடாதென்று
மூன்று வெடித்த பிறகு
ஜெர்லின் ஒப்புக்கொண்டாள்.
இரண்டாம் நாள் இலை சுருண்டது,
மூன்றாம் நாள் கொட்டியது.
வெறும் முள்ளில் பஞ்சு.
வேலூரில் பனி பெய்ததே இல்லை.
பெய்தால் இப்படித்தான்
எதிலாவது மாட்டிக்கொண்டு நிற்கும்.

இருபத்துமூன்றாம் தேதி
ராத்திரி ஒன்றரை மணிக்குக் கேரல் ரவுண்ட்ஸ்.
மரத்துக்கு வழி விட்டு
எல்லோரும் சுவரோரம் ஒட்டி நின்று பாடினார்கள்.
கேக் எடுக்கத் திரும்பிய கிறிஸ்துமஸ் தாத்தாவின்
தாடி கிளையில் மாட்டிக்கொள்ள,
உள்ளேயிருந்து
சபைச் செயலாளரின் மகன்,
தாடையில் ஒரு பருவோடு.
இரண்டாம் சரணம் சிரிப்பிலேயே போயிற்று.

ஐயர் மட்டும் சிரிக்கவில்லை.
ஒரு முள்ளின் நுனியை
விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.
ஜெபத்தைப் பிறப்பில் தொடங்கி
வேறெங்கோ போய்,
பாதியில் நிறுத்தி,
ஆமென் என்றார்.

ஜனவரி ஆறாம் தேதி
கிளையை ஒடித்து அடுப்பில் வைத்தேன்.
மூன்று பேருக்கு வெந்நீர்,
ஒரு கொட்டாங்கச்சி சாம்பல்.
எதிர்வீட்டுச் சவுக்கு
குப்பை வண்டியில் தலைகீழாகப் போனபோது
கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

மணலைக் கொட்ட வாளியைத் தூக்கினால்
நடுவில் ஒரு துளிர்.

காயெல்லாம் பறித்தோமே.
மணல் எங்கே அள்ளியது என்பதை
மறந்துவிட்டிருக்கிறோம்.

பிடுங்கினேன்.
இலை இரண்டு விரற்கடை.
வேர்
வாளியின் அடிவரை போயிருந்தது.