செவ்வாய்ப்பேட்டை வெள்ளி

ஆலையில் எட்டு மணி நேரம்
எஃகுச் சுருளின் தடிமன் அளக்கிறேன்.
வீட்டுக்கு வந்து
செல்லோவிலிருந்த எஃகு நான்கையும் அவிழ்த்துப் போட்டேன்.
பிடி விட்டதும்
குதிரை சாய்ந்து படுத்துக்கொண்டது,
மேல்பலகை ஒருமுறை முனகியது.
தரையில் குத்தி நிற்கும் முள்ளையும் உருவினேன்.
முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஏது முள்?
கெண்டைக்கால் இரண்டும்தான் பிடிமானம்.

நரம்பு என்று வாய் சுலபமாகச் சொல்லிவிடுகிறது.
கோட்டை கறிக்கடை நூருல்லா கேட்டார்:
"போட்டி வறுவலுக்கா மேடம்?"
"இல்ல, வாசிக்க."
கத்தியை அவர் நிறுத்தவில்லை.
கிழியாமல், நீளமாக, உருவித் தந்தார்.

சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து
மூங்கில் சிம்பால் வழித்து
ஈரத்தோடு முறுக்கி
மொட்டைமாடியில் குக்கரைத் தொங்கவிட்டுக் காயவைத்தேன்.
கீழ்வீட்டு விமலாதித்தன் ஒரு வாரம் பேசவில்லை.
மூன்று அறுந்தன.
நான்காவது நின்றது, பழுத்த பல்லின் நிறத்தில்.

அடிநரம்புக்கு மட்டும் குடல் போதாது.
வெறும் குடலில் அவ்வளவு கீழே இறங்க
கயிறு தடிக்கணும், உடம்பு பெருக்கணும்.
அந்தக் காலத்து பாஸ் வயலின் அப்படித்தான்,
கதவில் நுழையாத பெரியப்பா.
யாரோ ஒருவர் குடல்மேல் வெள்ளிக் கம்பி சுற்றினார்;
பெரியப்பா இளைத்து செல்லோ ஆனார்.

வெள்ளிக் கம்பிக்கு சேலத்தில் பஞ்சமா?
செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுப் பட்டறைப் பொன்னுரங்கம்
நரம்பைக் கண்ணுக்கருகே பிடித்துப் பார்த்தார்.
"இது எந்தக் காலுக்கும்மா?"
"ரெண்டு காலுக்கும் நடுவுல."
அவர் சிரிப்பதற்குள் எனக்கு முகம் சிவந்துவிட்டது.
சுற்றித் தந்தார், மயிரிழை இடைவெளி இல்லாமல்.
பில்லில் எழுதினார்:
செய்கூலி உண்டு. சேதாரம் இல்லை.

ஒருமுறை பாண்டிச்சேரியில்
ஒரு பிரெஞ்சுக்காரர் தன் காம்பாவைக் கொடுத்தார்.
ஆறு நரம்பு, கழுத்தில் குடலாலேயே கட்டிய மெட்டுகள்.
வில்லைக் கீழிருந்து பிடிக்கணும்,
உள்ளங்கை மேலே பார்க்க,
விபூதி வாங்குகிற கை மாதிரி.
அதே நிற்பு, அதே தொடை இடுக்கு,
செல்லோவுக்கு அப்பா என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.
இல்லை.
ஒரே தெரு. முகச்சாயல்கூட உண்டு.
வேற கூட்டம்.

தையில் ஏற்காட்டுக்கு எடுத்துப்போனேன்.
ஒவ்வொரு கொண்டை ஊசியிலும்
பெட்டிக்குள் ஏதோ தளர்கிற சத்தம்.
மெல்வினின் தோட்டத்தில், காப்பிப்பழம் தோலுரிக்கிற கொட்டகையில்,
சிமெண்ட் தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலி.
கேட்க மெல்வின், கணக்குப்பிள்ளை ஜோதிமணி,
மிளகு மூட்டை மேல் ஒரு நாய்.
நினைத்து வந்தது வேறு, துள்ளலான ஒன்று.
இரண்டு வரி வாசிப்பதற்குள்
மேல்நரம்பு ஒரு படி இறங்கியிருந்தது.
பனியா, புது நரம்பின் சோம்பலா,
தெரியவில்லை.
ஏற்றினேன். இறங்கியது.
ஏற்றினேன். நாய் எழுந்துபோனது.

மேல்நரம்பை ஒரு படி இறக்கச் சொல்லியே
எழுதிய நடனம் ஒன்று உண்டு.
அதில் காகிதத்தில் இருப்பது ஒரு ஸ்வரம், காதில் விழுவது வேறு.
விரல் போகிற இடத்தை மட்டும் எழுதிவிட்டு
ஒலியை அவர் நரம்பிடமே விட்டுவிட்டார்.
அதைத்தான் வாசித்தேன்.
இரண்டு நரம்பு எங்கும் சேர்வதில்லை.
ஒற்றை, ஒற்றை, ஒற்றை ஸ்வரமாக
யாரும் ஆட முடியாத நடனம்.
கொட்டகைக்குள் வந்த பனி
தொட்டிவரை வந்து நின்றது.
கடைசி ஸ்வரம் வெள்ளிக்கு இறங்கியபோது
வில் போன பிறகுதான் அது பேசியது.
ஜோதிமணி கேட்டாள்:
"முடிஞ்சிடுச்சா, இல்ல இன்னும் ட்யூன் பண்றீங்களா?"

திங்கட்கிழமை, ஷிப்டுக்கு நடுவில்
பொன்னுரங்கம் போன் செய்தார்.
"கொலுசு பொருந்துச்சாம்மா?"
உருளைகள் இரைந்துகொண்டிருந்தன.
கத்திச் சொன்னேன்:
"பொருந்துச்சுங்க.
சத்தம் மட்டும் கொஞ்சம் லேட்டா வருது."
"புதுசில்ல," என்றார்,
"நடக்க நடக்க சரியாயிடும்."