இறக்கிய பிறகு

முதல் நாள் அதைப் புதுக்காயம் என்றுதான் அட்டையில் எழுதினேன்.
இடது முழங்காலுக்குக் கீழே, நாலு அங்குலம்,
விளிம்பு ஊதா, சீழ் இல்லை.
"எப்ப வெட்டினது?"
"எண்பத்தஞ்சில, மிஸ்."

திருகோணமலை ஆஸ்பத்திரியில்
மருந்து கட்டும் அறையில் பதினாறு வருடம் நின்றுவிட்டேன்.
ஆறாத புண் தெரியும்,
சீனி வருத்தக்காரரின் கால் தெரியும்.
ஆறி,
முப்பத்தொன்பது வருடம் ஆறியே இருந்து
ஒரு வெள்ளிக்கிழமை
அடிபடாமலே வாய் திறந்த காயம்
இதற்கு முன் கண்டதில்லை.

பெயர் குலவீரசிங்கம். சீனக்குடாவில் ஒரு மா ஆலைக்கு இரவுக் காவல்.
மா மூட்டை ஏற்றிய லொறிகளை வாசலில் எண்ணிவிட்டு
அவரும் பாணே தின்றிருக்கிறார்.
பாணும் பிளேன்ரீயும். பிளேன்ரீயும் மாரி பிஸ்கட்டும்.
மனைவி மகளின் பிள்ளைப்பேறு பார்க்க ரொறன்ரோ போய் ஒன்பது மாதம்.
"ஒருத்தனுக்காக ஆர் அடுப்பு மூட்டுறது?"

டொக்டர் றிஸ்மினா வாயைத் திறக்கச் சொன்னார்.
முரசு கறுத்து வீங்கி, தொட்ட இடமெல்லாம் இரத்தம்.
கால் மயிர் ஒவ்வொன்றும் பன்றிக்குட்டி வாலாய்ச் சுருண்டிருந்தது.
"இது பாய்க்கப்பல்காரரின்ர வருத்தம்," என்றார்,
"துறைமுகத்தில இருந்துகொண்டே பிடிச்சிருக்கிறீங்கள்."

இரவு, பயிற்சிக் காலத்துக் கொப்பியைத் தேடி எடுத்தேன்.
மூன்று வரிதான், பரீட்சைக்காகப் பாடமாக்கியது:
கொலாஜன் ஒரு முப்புரிக் கயிறு.
மூன்று இழையும் ஒன்றையொன்று பிடித்து நிற்க
ஒரு நொதியம் அங்கங்கே ஒட்சிசன் கொளுவ வேண்டும்.
நொதியத்தின் நடுவில் ஒற்றை இரும்பு அணு,
வேலைக்கிடையில் அதுவும் துருப்பிடிக்கும்,
உள்துறைமுகத்தில் கிடக்கும் எந்தக் கப்பலையும் போல.
துருவைத் துடைத்து
மறுபடி வேலைக்கு அனுப்புவது விற்றமின் சி.
அது வராத நாட்களிலும் கயிறு திரிக்கப்படும்,
ஆனால் உடம்பின் சூட்டுக்கே இழை பிரிந்துவிடும்.

கொப்பியில் இல்லாததை அவர் கால் சொன்னது.
தழும்பு முடிந்துபோன விஷயம் இல்லை.
உள்ளே பழைய கயிறு அவிழ்ந்தபடியே இருக்கிறது,
புதுக் கயிறு விழுந்தபடியே இருக்கிறது,
மற்றத் தோலைவிட அங்கே வேகமாக.
மூடியிருப்பதே அன்றாடம் செய்யும் வேலை.
எண்பத்தஞ்சை
ஒவ்வொரு நாளும் யாரோ கட்டிப் பிடித்திருந்தார்கள்
கொய்யாவாலும் வல்லாரைச் சம்பலாலும்,
அவர்களுக்கே தெரியாமல்.

கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்
கடலை சுற்றிய தாளைத் தின்றாலும்
தன் ஈரலில் அதைச் செய்துகொள்ளும்.
நமக்கு அந்தக் கைவேலை எப்போதோ மறந்துபோயிற்று.

என்ன வெட்டியது என்று ஒரு முறைதான் கேட்டேன்.
திங்கட்கிழமை, முள்ளுக்கம்பி என்றார்.
புதன்கிழமை கேளாமலே சொன்னார், வள்ளத்து இயந்திர விசிறி என்று.
சனிக்கிழமை ஒன்றும் சொல்லவில்லை,
பஞ்சு ஒட்டிய இடத்தில்
நான் உப்புநீர் விட்டு மெல்ல உரிக்கும்வரை
சுவர்க் கலண்டரில் மார்கழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குளிசை கொடுத்தோம். நாலாம் நாள் முரசில் இரத்தம் நின்றது.
இரண்டாம் கிழமை, காயத்தின் அடியில்
கொவ்வைப்பழச் சிவப்பில் புதுச் சதை.
வீட்டுக்கு விடும்போது சொன்னேன்:
ஒருத்தனுக்கு என்றாலும் சொதி வையுங்கோ,
தேசிக்காய் விடுங்கோ. தினமும்.
"எவ்வளவு காலத்துக்கு?"
நான் அட்டையில் 'ஆறியது' என்று எழுதப்போய்
பேனையை எடுத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து வந்தார்,
விரல்களில் தேசிக்காய் மணம், முகத்தில் குறை.
"சொதி திரைஞ்சு போச்சு, மிஸ்."
"கொதிக்கக் கொதிக்க விட்டனீங்களோ?"
"ஓம்."
"இறக்கிப்போட்டு விடவேணும்," என்றேன்,
"சூடு ஆறினாப் பிறகு."