கால் மாத்திரை

நிதி வந்தது மாசியில்.
வடக்கே ஐந்து நாடுகள் ஒன்றாய்க் காசு போட்டு
ஒன்றின் படத்தை மற்றது பார்க்கவென்று
வைத்திருக்கிற பெட்டியாம் அது.
டென்மார்க் பிள்ளை கதைத்தால்
சுவீடன் பிள்ளைக்கு விளங்க வேண்டுமாம்.
பக்கத்து வளவுதான். வேலிக்கு மேலால்
எட்டிப் பார்த்தாலே பாதி விளங்கும் மொழி.
ஆனாலும் மீதிப் பாதிக்கு
அரசாங்கம் காசு கட்டுகிறது.

அந்தப் பெட்டியின் அடியில் கிடந்த சில்லறை,
பேர்கனில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று,
ஸ்ரான்லி வீதியில்
போன் திருத்தும் கடைக்கு மேலே
முட்டைத் தட்டு ஒட்டிய எங்கள் அறைக்கு ஏறி வந்தது.

படிவம் பதினாறு பக்கம்.
யசீவன் நிரப்பினான்.
ஏழாம் பக்கத்தில் பேனை நின்றது:
உங்கள் அயலவரின் படங்கள்
உங்களிடம் எந்த மொழியில் வந்து சேருகின்றன?

கடலுக்கு அங்கால் இருந்து வருவதற்கு
ஆரும் நிதி தரத் தேவையில்லை.
விடியக் காட்சிக்கே வெடியும் பாலுமாய் வந்துவிடும்.
தெற்கே,
தெற்கே இருப்பது அயல் நாடு இல்லை, இதே நாடு.
ஆனால் மாத்தறைக் கடலில் எடுத்த படமொன்று
எங்கள் திரையில் தமிழ் பேசி
நான் ஒரு நாளும் கேட்டதில்லை.
'பொருந்தாது' என்று எழுதினான்.
வெட்டினான்.
கட்டத்தை வெறுமையாய் விட்டு
எட்டாம் பக்கத்துக்குப் போனான்.

படத்தில் ஒரு தீவு. ஒரு பெண்.
புருஷனின் படகு வரவில்லை.
தொண்ணூற்றிரண்டு நிமிடத்தில் அவள் வாய் திறப்பது
மொத்தமாய்ப் பத்தொன்பது நிமிடம்.
எங்களுக்குக் காசு, பேசும் நிமிடத்துக்கு.
"இவ்வளவு பேசாத பொம்பிளையை
எங்கையடா தேடிப் பிடிச்சவங்கள்?" என்றேன்.

குரல் கொடுக்க வந்தவ கொன்சலாற்றா.
குருநகர். பஸ் நிலையத்தில் அறிவிப்பவ.
காரைநகர், பருத்தித்துறை, கீரிமலை என்று
நாள் முழுக்க ஊர்களைக் கூப்பிட்ட தொண்டை
மைக்கின் முன்னால்
சும்மா இருக்கப் பழக மூன்று நாள் பிடித்தது.

சிக்கல் ஒரு சொல்லில்.
அந்த ஊரில் சிலர் 'யா' என்பதை
மூச்சை உள்ளே இழுத்தபடி சொல்கிறார்கள்.
சம்மதம் வெளியே வராது, உள்ளே போகும்.
'ஆமா' போட்டால் தாடை கூட விழுகிறது.
'ஓம்' போட்டால் அங்கே வாய் திறந்திருக்க
இங்கே உதடு மூடுகிறது.
பதினேழு தரம் எடுத்தோம்.
பதினெட்டாம் தரம் கரண்ட் போனது.
இருட்டில், எங்களுக்காக இல்லாமல்,
கொன்சலாற்றா மூச்சை இழுத்து
மகரத்தை விழுங்கிச் சொன்னா:
ஓ...

பள்ளிக்கூடத்தில் படித்த மகரக்குறுக்கம்
அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.
அரை மாத்திரை கால் மாத்திரை ஆகும் என்றார்கள்;
அந்தக் காலும் போன பிறகு
மிஞ்சுவது என்னவென்று சொல்லித் தரவில்லை.

"இந்த மூச்சை எங்கை பழகினனீங்கள்?"
"பஸ்ஸுக்குப் பாத்துக்கொண்டு நிக்கேக்கை"
என்றுவிட்டுத் தண்ணீர் குடித்தா.
நான் மேலே கேட்கவில்லை.
ஜெனரேற்றர் போடக் கீழே இறங்கினேன்.

கணக்கு அனுப்பும்போது
யசீவன் ஒரு வரி கூட்டினான்:
பேச்சு, பத்தொன்பது நிமிடம்.
மூச்சு, நாற்பத்தொரு நிமிடம்.
விசர்ப் பெடியன், அதோடு நிற்காமல்
'ஓ, இருபத்தாறு தரம், தலா ஒரு மாத்திரை'
என்று தமிழிலும் எழுதிவிட்டான்.

மூன்று கிழமையால் பதில் வந்தது.
மொழிபெயர்த்தது மனிசரோ இயந்திரமோ தெரியாது.
மிகவும் மரியாதையான கடிதம்.
கலைஞரின் உடல்நலம் குறித்து வருந்துகிறோம்,
ஆனால் மாத்திரை வாங்கிய செலவை
விதிகளின்படி ஏற்க முடியாது.

வாசித்துக் காட்டினேன்.
கொன்சலாற்றா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தா.
பத்தொன்பது நிமிடத்துக்கான காசு
சதம் குறையாமல் வந்தது.
வேறு திருத்தம் எதுவும் கேட்கவில்லை.
ஏழாம் பக்கத்தைப் பற்றியும்.