கை முந்துகிறது

மே, ஜூன், ஜூலை முழுக்க
பெங்களூரா மாம்பழம் ஓடுகிற பெல்ட்டுக்கு முன்னால் நிற்கிறேன்.
எட்டு மணி நேரம்.
அழுகலை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.
முதல் வாரம் கண்ணால் எடுத்தேன்.
மூன்றாம் வாரம் கை எடுத்தது.
எதை எடுத்தோம் என்று
கூடையில் விழுந்த பிறகுதான் எனக்கே தெரியும்.

அதனால்தான் தில்ஷாத்திடம் சொன்னேன்:
திட்டமெல்லாம் வேண்டாம், என் கை பார்த்துக்கொள்ளும்.

அவளுக்கு ரவுண்டானா பக்கம் செல்போன் கடையில் வேலை.
அரக்கோணத்து எஸ்தரின் மூன்று வீடியோக்களைப்
பாதி வேகத்தில், பிறகு கால் வேகத்தில் ஓட்டிப் பார்த்து
பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள்.
இடக்கைக்காரி.
அவள் வலது காலுக்கு வெளியே உன் இடது கால் இருக்கட்டும்.
ஜாபை எண்ணாதே, மூச்சை எண்ணு.
இன்னும் மூன்று இருந்தன.
மடித்து சாக்ஸுக்குள் வைத்தேன்,
நம்பிக்கை இல்லாமல்,
ஆனால் எறியவும் மனமில்லாமல்.

கிருஷ்ணகிரி, சேலம் ரோட்டுக் கல்யாண மண்டபம்.
வாசலில் வாழைமரம் கட்டிய கயிறு இன்னும் தொங்கியது.
மணமேடையில் கோப்பைகள்,
பந்தி போடுகிற இடத்தில் ரிங்.

முதல் ரவுண்டில் ஒன்றரை நிமிடம்
காகிதம் சொன்னபடி நகர்ந்தேன். பலித்தது.
பிறகு மூக்கில் ஒன்று.
வலிக்கவில்லை. ஒரு புளித்த வாசனை,
கொட்டிவைத்த மாங்கொட்டைமேல் மழை பெய்தால் வருமே, அது.
காகிதம், தில்ஷாத், இடது கால், எல்லாம் போச்சு.
கை போனது.
போய்ச் சேர்ந்தது!
எஸ்தரின் தலை பின்னால் சாய
சமையற்கட்டுப் பக்கம் நின்ற கூட்டம் கத்தியது.
அந்த ஒரு நொடியை
யார் கேட்டாலும் தரமாட்டேன்.

இரண்டாம் ரவுண்டில்
எஸ்தரின் வலது தோள் ஒரு விரற்கடை இறங்கியது.
கை பார்த்தது. போனது.
அங்கே அவளுடைய இடக்கை
முன்பே வந்து உட்கார்ந்திருந்தது.
நடுவர் எட்டுவரை எண்ணினார்.
மறுபடி தோள் இறங்கியது.
மறுபடி கை.
இந்த முறை ஆறிலேயே தலையாட்டினேன்,
ஆனாலும் எட்டுவரை எண்ணினார்.

மூலையில் தில்ஷாத்
பதற்றத்தில் தண்ணீரை என் காதில் ஊற்றினாள்.
"தோள் தானா இறங்கலைடி, அவ இறக்குறா.
உன் கைக்குக் கதவைத் திறந்து வெச்சிருக்கா."

எனக்குத் திட்டம் தேவைப்படவில்லைதான்.
என் கைதான்
அவளுடைய திட்டம்.

மூன்றாம் ரவுண்டு. தோள் இறங்கியது.
கை எழுந்தது. பிடித்தேன்.
எப்படிப் பிடித்தேன் என்று கேட்காதீர்கள்.
கரும்புள்ளியோடு ஒரு பழம் பெல்ட்டில் வர,
அதைத் தொடாமல் போகவிடுவது எவ்வளவு கஷ்டம் என்று
அந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.
அவளுடைய இடக்கை வந்து
நான் இல்லாத இடத்தை அடித்தது.
அவள் முகத்தில் ஒரு சின்னக் கேள்வி.
அதன்மேல்தான் அடித்தேன்.
யோசித்தேனா? யோசிக்க நேரமில்லை.
யோசிக்காமலா? அப்படியும் சொல்ல முடியவில்லை.

மூன்றுக்கு இரண்டு. அவளுக்கு.

கை கழுவுகிற குழாய்கள் வரிசையாக இருந்தன,
சாப்பாட்டு வாசனை போகாத வரிசை.
அடுத்த குழாயில் எஸ்தர்
வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள், சிவப்பாக.
"ரெண்டாவது ரவுண்டுல நல்ல வேகம் உனக்கு.
எனக்கு வசதியா இருந்துச்சு" என்றாள்.
கிண்டலாகத் தெரியவில்லை.
பிறகு,
"மூணாவதுல கையை நிறுத்தினியே,
யாராவது சொன்னதா, தானா வந்ததா?"

தில்ஷாத் துண்டோடு பக்கத்தில் நின்றாள்.
சாக்ஸிலிருந்து காகிதத்தை எடுத்தேன்.
வியர்வையில் மை பரவி
ஒரே நீலம்.
"இதுல இருந்துச்சு" என்றேன்.

எஸ்தர் வாங்கி,
டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து,
வெகுநேரம் படித்தாள்.